சாணையும் சொல்லும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் ஆண்டாளைப் பற்றிப் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். திருவில்லிபுத்தூருக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு அவ்வாறு எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் உருளைச் சாணை. அதாவது, சுழலும் எஃகுத் தண்டைச் சுழலும் கல்லால் தேய்த்து, மைக்ரான் அளவுக்குத் துல்லியமாக்கும் தொழில். அத்தொழிலை இன்று சி.என்.சி. எனப்படும் கணினிவழி இயங்கும் பொறிகளில் நம் பிள்ளைகள் கற்கிறார்கள். அவர்கள் கற்கும்போது தமிழ் அவர்களுக்கு என்ன செய்கிறது, அவர்கள் தமிழுக்கு என்ன செய்கிறார்கள் என்பதே என் பேச்சு.

கவியரங்கிற்கும் சாணைக்கும் என்ன உறவு என்று வினவலாம். நூல் என்ற சொல்லே விடை. நமக்கு நூல் என்றால் புத்தகம். மகாராஜபுரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் இராஜபாளையத்து ஆலைகளுக்குச் செல்வோர்க்கு நூல் என்றால் பஞ்சிலிருந்து பிறப்பது. தச்சருக்கோ நூல் என்பது அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சன் நூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது புலவன் நூல் என்று இவ்விரண்டையும் நன்னூலார் தம் பாயிரத்தில் ஒப்பிட்டுச் சென்றார். தச்சரின் ஒரு நூல் 3175 மைக்ரான். சாணைத் தொழிலாளியின் உலகம் அதற்குள் ஆயிரம் மடங்கு உள்ளே இருக்கிறது. நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அவர் பொறுப்பேற்கும் பிழை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கக்கூடும்.

1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாள்முதல் இவ்வட்டாரத்திற்கு உருளைச் சாணை அயலானது அன்று. நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்ற பொறியில் பஞ்சிழை இரண்டு இரண்டாக நிற்கும் உருளைகளின் இடையே நுழைந்து மெலிகிறது. கீழுருளை எஃகு, மேலுருளை ரப்பர் உறை போர்த்தது. அவ்வுறையை ஆலையில் காட்ஸ் என்பர். நாள்தோறும் பஞ்சு உராய்ந்து அந்த ரப்பர் பள்ளமுறும், இறுகும். அதனைக் கழற்றிச் சிறு சாணைப் பொறியில் ஏற்றி மேற்பரப்பை மெல்லச் சீவி மீண்டும் உருண்டையாக்கும் அறைக்குக் காட்ஸ் ரூம் என்று பெயர். வெளியார் எவரும் எட்டிப் பாராத அறை அது. ஆனால் முன்வரிசை மேலுருளை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் விட்டமுடையது; அதன் சுற்றளவு 94 மில்லிமீட்டர். அவ்வுருளை மையத்திலிருந்து சிறிதளவு விலகிச் சுழன்றாலும், 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை நூல் தடித்து மெலியும், தடித்து மெலியும். கண்ணுக்கு அது தெரியாது. ஊஸ்டர் சோதனைப் பொறியின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு முகடு எழும். துணியாக நெய்தபின்னரோ யார் கண்ணுக்கும் தெரியும், நீரலைபோல் ஒரு கறை வரிசை. யாப்பில் தளை தட்டுவதைச் செவி காண்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். வள்ளுவர் அரத்தை எடுத்தாளும் குறள்கள் மூன்று என் நினைவுக்கு வருகின்றன. கடுஞ்சொல்லும் அளவிறந்த தண்டமும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்பது ஒன்று. உட்பகை உற்ற குடி அரத்தால் அராவப்பட்ட பொன்போல் தேயும் என்பது மற்றொன்று. அரம்போல் கூரிய அறிவிருந்தும் பண்பில்லாதவர் மரத்தை ஒப்பர் என்பது மூன்றாவது. மூன்றிலும் பட்டறையை நேரில் கண்ட கண் இருக்கிறது. பொன்னை அராவினால் துகள் எங்கே போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அறிந்தவர்க்கே இரண்டாவது உவமை வாய்க்கும்.

இதனினும் வியப்புக்குரியது குருந்தம். இன்றைய சாணைச் சக்கரங்களில் மிகுதியானவற்றின் மணிகள் அலுமினியம் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. அதன் இயற்கை வடிவமான கனிமத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பர். அச்சொல் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து சென்றது என்று ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் இனத்தவையே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் இக்கல் கிடைப்பதை நிலவியலார் நெடுங்காலமாக அறிவர். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பார் மின்னுலையில் ஒரு புதிய கடினப் பொருளைப் பெற்றார். அது கார்பனும் குருந்தமும் கலந்தது என்று அவர் கருதியதால் கார்போரண்டம் என்று பெயரிட்டார். கருத்து பிழையானது, அது சிலிக்கன் கார்பைடு. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கப்பெற்றது. நம் ஊரிலிருந்து கப்பலேறிய சொல் மேலைநாட்டு உடை அணிந்து திரும்பி வந்து, சாணைச் சக்கரத்தின் மீது ஒட்டிய தாளில் அமர்ந்திருக்கிறது. நம் பிள்ளை அதை அயற்சொல் என்று எண்ணி மனப்பாடம் செய்கிறான்.

சி.என்.சி. சாணையைக் கற்பவர் முதலில் கணினியைத் தொடுவதில்லை. சக்கரத்தைத் தட்டிப் பார்க்கக் கற்கிறார். புதிய சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மங்கி ஒலித்தால் உள்ளே விரிசல். நொடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் விளிம்பு சுழலும்போது விரிசலுற்ற சக்கரம் வெடித்துச் சிதறும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டியர்க்கு இப்பாடத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சக்கரத்தைச் சீர்செய்தல். பட்டறையில் டிரெஸ்ஸிங் என்பர். ஓடஓடச் சக்கரத்தின் மணிகள் மழுங்கும். இடைவெளிகளில் உலோகத்துகள் அடைத்துக்கொள்ளும். அப்போது கல் வெட்டாது, வழுக்கும், எஃகைச் சுடும். சுட்ட இடம் பழுப்பாகவும் நீலமாகவும் நிறம் மாறும். வைர முனையால் அதன் முகத்தைச் சீவிப் புதுக்கூர்மை எழுப்ப வேண்டும். இது நமக்குப் புதிதா? அம்மி வழுவழுத்துப்போனால் மசாலை அரைபடாது என்று உளியோடு தெருவில் வருபவரை அழைத்துக் கொத்தச் சொல்வோம். அம்மி கொத்துவதன் காரணமும் இதுவேதான். வழுவழுப்பு அழகு, ஆனால் அரைக்கும் கல்லுக்கு அது நோய்.

இன்னொரு பாடம் தொடக்கத்தில் எவரையும் மயக்கும். கடினமான எஃகுக்கு மென்மையான சக்கரத்தையும், மென்மையான உலோகத்துக்குக் கடினமான சக்கரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பர். இங்குக் கடினம் என்பது மணியின் கடினம் அன்று. மணிகளைப் பிணைத்திருக்கும் பிடிப்பின் வலிமை. கடின எஃகில் மணி விரைவில் மழுங்கும். பிடிப்பு மென்மையாக இருந்தால் மழுங்கிய மணி உதிர்ந்து அடுத்த மணி கூர்மையோடு வெளிப்படும். பிடிப்பு வலிதானால் மழுங்கியதே ஒட்டிக்கொண்டு நின்று காரியத்தைக் கெடுக்கும். (சங்கங்களின் பொறுப்பாளர் தேர்தலை நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்க வேண்டாம்.)

பின்னர் வெப்பம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு அளவுகோலைக் காட்டிலும் 15 பாகை சூடாக இருந்தால் 8 அல்லது 9 மைக்ரான் பருத்துக் காட்டும். அத்தண்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 16 மைக்ரான் எனில், பாதிக்கும் மேற்பட்டதை வெப்பமே தின்றுவிடுகிறது. சூட்டோடு அளந்து சரியென்று வைத்த தண்டு ஆறியபின் சிறுத்துக் கழிவாகும். அளவியலார் உலகெங்கும் 20 பாகையை அடிப்படையாகக் கொண்டது இதனால்தான். நம் வட்டாரத்துச் சித்திரை வெயிலில் 20 பாகை என்பதே ஒரு புனைவு.

இவற்றையெல்லாம் கடந்தபின்னரே திரைக்கு முன் நிற்கிறார். எக்ஸ் என்பது விட்டம். இசட் என்பது நீளம். ஜி00 என்றால் விரைந்து செல், ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிச் செல், எம்08 குளிர்நீரைத் திற, எம்30 முடி. நூற்பாவைப் போலச் சுருங்கிய மொழி. இதில் ஒரு புள்ளிக்கு எத்துணை மதிப்பு என்பதை நான் கேட்டறிந்தபோது தொல்காப்பியர் நினைவு வந்தது. சில கட்டுப்பாட்டுப் பொறிகளில் எக்ஸ்50 என எழுதிப் புள்ளி வைத்தால் 50 மில்லிமீட்டர். புள்ளியை விட்டுவிட்டால் 50 மைக்ரான் என்று பொறி கொள்ளும். 50 மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய சக்கரம், தண்டே இல்லை என்பதுபோல் அதனுள் பாயும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியும் என்று அதனைப் பெரும்பாலும் விட்டார்கள். படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். பதிப்பாசிரியர்கள் வாழ்நாளெல்லாம் அதனோடு போராடினர். இடம் நோக்கிப் பொருள்கொள்ளும் அறிவு பொறிக்கு இல்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் தம்பி, இவ்வூர்ப் பக்கத்தவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுச் சாணைப் பிரிவில் தேறி, கோவைப் பகுதித் தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆறு திங்களில் தேறாவிடில் ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கை தேர்ந்த பிள்ளை. ஒலியைக் கேட்டே சக்கரம் தண்டைத் தொட்ட கணத்தை அறிவார். ஆனால் திரையில் சிவப்பில் எழும் எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது, கையேடும் ஆங்கிலத்தில். பொறி நின்றால் அவரும் நின்றார். மூன்றாம் திங்களில் ஊருக்கு வந்தவர் மீண்டும் செல்ல மறுத்தார். தந்தை பேசிப் பார்த்தார், பயனில்லை. என் மாணவி ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி அவர் கையில் கொடுத்து, புரியாத ஒவ்வொரு வாசகத்தையும் அப்படியே எழுதி, அப்போது பொறியில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் பக்கத்தில் எழுதச் சொன்னாள். மொழிபெயர்க்க வேண்டாம், கண்டதை எழுது என்றாளாம். ஆய்வு நெறி பற்றி நான் வகுப்பில் கூறியவற்றில் இதைவிடச் சிறந்தது இல்லை. அவர் திரும்பிச் சென்றார், தேறினார், இன்று அங்கேயே புதியவர்களுக்குக் கற்பிக்கிறார்.

அந்த நோட்டை நான் படித்தேன். பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமே: வீல், ஜாப், சென்டர், கூலன்ட். வினைகள் அனைத்தும் தமிழ். கல் கொத்து, துகள் அடைத்துக்கொண்டது, தொட்டதும் ஒதுங்கு, பத்து மைக்ரான் எடு, தண்டு உதறுகிறது, ஆறவிட்டு அள. கலைச்சொல்லாக்கத்தில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. பெயர்களைத் தமிழாக்க எத்தனையோ குழுக்கள். வினைகளைப் பதிவுசெய்ய எவரும் பட்டறைக்குச் சென்றதாகத் தெரியவில்லை. கடை, அராவு, இழை, தீட்டு, சீவு, மெருகிடு, துருவு என்று தேய்ப்பதற்கே இத்தனை வினைகளை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் செயலாக்கம், மேற்கொள்ளல் என்று எழுதுகிறோம். முயற்சிகளே இல்லை என்று நான் கூறவில்லை. கோவையில் கலைக்கதிர் இதழ் செய்த பணி பெரிது. கிண்டியில் 1986-இல் தோன்றிய நிமி நிறுவனம் தொழிற்பிரிவுப் பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் இரவுப் பணியில் சிவப்பெழுத்து மின்னும்போது அருகிருந்து உதவுவது இந்த நாற்பது பக்கம்தான்.

ஆகவே வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் நாம் அச்சிடும் முதற் சிறுநூல் இந்த நோட்டாக இருக்கட்டும். உரிமையாளரின் இசைவைப் பெற்றிருக்கிறேன். புலவர்கள் அதைத் திருத்தக்கூடாது. ஒற்றுப்பிழை மட்டும் நீக்கலாம். வீலைச் சக்கரமாக்க வேண்டாம். காட்ஸ் ரூமில் பணியாற்றிய நம் உறுப்பினர்கள் தங்கள் சொற்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் நூல் இன்னும் பயன்படும்.

ஓரிடத்தில் மட்டும் அவர் நம் உதவியைக் கேட்டிருக்கிறார். இறுதி அளவை எட்டியதும் சக்கரத்தை மேலும் செலுத்தாமல் அங்கேயே நிறுத்திவைப்பர். ஆயினும் பொறிகள் தொடர்ந்து பறக்கும். அழுத்தத்தால் சிறிது வளைந்திருந்த தண்டும் பொறியின் உறுப்புகளும் மெல்ல மீண்டு நிமிர்வதால், கல் இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பொறி குறைந்து, குறைந்து, அற்றுப்போகும்வரை காத்திருந்தால்தான் தண்டு உண்மையில் உருண்டையாகும். ஸ்பார்க் அவுட் என்பது தொழிற்பெயர். பொறி அடங்கல் என்று எழுதி அடித்திருக்கிறார்; பொறி தீர்தல் என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார். மூன்றாவது இடம் வெற்றிடமாக உள்ளது. நோட்டின் படி நூல்மேசையில் இருக்கிறது. மாலைக் கவியரங்கம் தொடங்கும்வரை அங்கே இருக்கும். பென்சிலில் எழுதுங்கள்.