வீட்டில் கற்கும் பிள்ளைகளின் நாள் வேலை

பள்ளிக்கூடத்துக்கு மணி உண்டு. வீட்டுக்கு மணி இல்லை. 32 ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்தும் அமர்ந்தும் பழகிய எனக்கு, மணியில்லாத இடத்தில் மூன்று பிள்ளைகளின் படிப்பை ஒழுங்குபடுத்தித் தரவேண்டிய பொறுப்பு ஓய்வு பெற்ற பின் வந்து சேர்ந்தது. அந்த அனுபவத்தில் சிலவற்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அதில் என் தவறுகளே மிகுதி. எனினும் பிறர்க்குப் பயன்படக்கூடியவையும் அந்தத் தவறுகள்தாம் என்பது என் எண்ணம்.

என் மகள் குடியிருப்பது கோபிசெட்டிப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர். தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற பகுதி. நெல்லும் மஞ்சளும் விளைகிற மண். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் போலவே அவளுடைய பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தன. ஊர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் மகளும் மருமகனும் மட்டும், “இன்னும் சில ஆண்டுகள் நாங்களே சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறோம்” என்றார்கள். அப்போது மூத்த பேரனுக்கு வயது 10, பேத்திக்கு 7, இளையவனுக்கு 4.

எனக்கு அது உடன்பாடாக இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்து, தலைமை ஆசிரியனாக வெளிவந்தவன் நான். பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து கற்பதே ஒரு கல்வி என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையை இன்றும் நான் விட்டுவிடவில்லை. மேலும், என் மகள் பட்டம் பெற்றவள். பகலில் வீட்டில் இருக்கக்கூடியவள். களையெடுக்கக் கூலிக்குப் போகும் தாய் இதைச் செய்ய முடியுமா? முடியாது. ஆகவே, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்ல வந்ததாக எவரும் கொள்ள வேண்டா. வீட்டில் கற்பிப்பது என்று ஒரு குடும்பம் துணிந்துவிட்டால், அன்றன்றைய வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்பது ஒன்றே என் பேச்சு.

பேரப்பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுமே என்ற அச்சத்தில், நானே ஒரு கால அட்டவணை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. பாடவேளை ஒன்றுக்கு 40 நிமிடம். காலையில் ஓர் இடைவேளை, மாலையில் ஓர் இடைவேளை. வண்ண மையினால் கோடிட்டு, கூடத்துச் சுவரில் ஒட்டினேன். பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை அல்லவா! அழகாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். இளையவன் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டிருந்தான். மூத்தவன் முன்னால் பதினான்கு கணக்குகள் பாக்கி நின்றன. நேற்றையது இன்றைக்கும், இன்றையது நாளைக்குமாகச் சேர்ந்த பாக்கி. என் மகள் அடுப்படியில் நின்று அழுதாள். “அப்பா, விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை நான் இதைத்தான் செய்கிறேன். ஆனாலும் ஒரு நாளும் முடிவதில்லை” என்றாள். பேத்தி என்னிடம் மெதுவாக வந்து, “அப்புச்சி, மற்றப் பிள்ளைகளுக்கு நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடுகிறதே, எங்களுக்கு எப்போது விடும்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

படுத்தபடியே ஒரு கணக்குப் போட்டேன். வகுப்பில் 40 பிள்ளைகள், 40 நிமிடம். வருகைப் பதிவு, சத்தத்தை அடக்குதல், கரும்பலகையில் எழுதுதல், அதைப் பிள்ளைகள் பார்த்தெழுதும்வரை காத்திருத்தல், ஏடுகளைத் திருத்துதல் ஆகியவை போக, தனி ஒரு பிள்ளைக்கென்று ஆசிரியர் தரமுடிவது ஒரு நிமிடம் இருந்தால் பெரிது. வீட்டிலோ தாய் பிள்ளையின் அருகிலேயே அமர்ந்திருக்கிறாள். அவன் எங்கே தடுக்கினான் என்பது அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பள்ளியின் 40 நிமிட வேலை வீட்டில் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். அதை 40 நிமிடத்துக்கு இழுத்துப் பிடித்தால், மீதி 25 நிமிடத்தில் பிள்ளை கற்பது சலிப்பு ஒன்றைத்தான். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய அம்மையார், 1886ஆம் ஆண்டிலேயே வீட்டுக் கல்வியைப் பற்றி நூல் எழுதியவர்; சிறு பிள்ளைகளுக்குப் பாடம் குறுகியதாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பயிற்சிக் காலத்தில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டு. தேர்வுக்குப் படித்து, தேர்வோடு மறந்தும் போனேன்.

மறுநாள் காலையில் சுவரிலிருந்த அட்டவணையை நானே கிழித்தேன். பேத்திக்கு மகிழ்ச்சி. என் மகளுக்கோ அச்சம்: “அப்படியானால் எதை வைத்து நடத்துவது?” என்றாள்.

அப்போதுதான் என் முதல் பள்ளி நினைவுக்கு வந்தது. அது ஓராசிரியர் பள்ளி. ஓர் அறை, ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர். அங்கே கடிகாரம் உதவாது, வரிசைதான் உதவும். ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடம் நடக்கும்போது மற்ற வகுப்புகளின் கையில் வேலை இருக்கவேண்டும். அந்த வேலை ஆசிரியரைக் கேட்காமலே செய்யக்கூடியதாகவும் இருக்கவேண்டும். இல்லையேல் ஐந்து பக்கத்திலிருந்தும் “சார், சார்” என்ற குரல் எழும். மூன்று வயதினர் மூவர் உள்ள வீடும் ஓராசிரியர் பள்ளியே என்பது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று வியந்தேன்.

இப்போது அவ்வீட்டில் வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். முந்தின இரவே என் மகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு ஏட்டில் மறுநாள் வேலையை எழுதிவைக்கிறாள். மூத்தவனுக்கு ஐந்து வரி, பேத்திக்கு நான்கு, இளையவனுக்குப் படம் போட்டு இரண்டு. அம்மாவோடு செய்யவேண்டியதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம்; தானே செய்யவேண்டியதற்கு ஒன்றுமில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் மூவரும் பாயில் அமர்கிறார்கள். முதலில் ஒரு கதையையோ பாட்டையோ அம்மா வாய்விட்டுப் படிக்கிறாள். அது மூவர்க்கும் பொது. கேட்டதை ஒருவர் திருப்பிச் சொல்லவேண்டும். அது யார் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லார் காதும் திறந்திருக்கும்.

பிறகு யார் முதலில் என்பது ஒரு பெரிய கேள்வி. தேர்வு எழுதப்போகிறவன் மூத்தவன். ஆகவே அவனுக்கே முதலிடம் என்று நான் வைத்திருந்தேன். அது பிழை. இளையவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் வரையில் மூத்தவனுக்குப் பாடம் ஏறாது. இப்போது இளையவனுக்குத்தான் முதல் கால் மணி. தட்டில் பரப்பிய மணலில் எழுத்து. அது முடிந்ததும் ஒரு பை புளியங்கொட்டையைக் கொடுத்துப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னால், வயிறு நிறைந்த கன்றுபோலத் திண்ணைக்குப் போய்விடுகிறான். அந்த நேரத்தில் மற்ற இருவரும் தாமே செய்யும் வரிகளை முடித்துவிடுகிறார்கள். அடுத்து பேத்தி, கடைசியில் மூத்தவன். முடிந்த வரியைப் பிள்ளையே தன் கையால் அடிக்கவேண்டும். தாய் அடிக்கக் கூடாது. எல்லாம் முடியும்போது மணி பதினொன்று ஆகும். பல நாள் அதற்கும் முன்பே.

பிள்ளையே தன் வரியை அடிக்கும் இந்த வழக்கம் என் கண்டுபிடிப்பு அன்று. ரிஷிவேலியில் உருவான முறையை ஒட்டி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் நடத்திப் பார்த்து, 2007ஆம் ஆண்டளவில் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. சுவரில் ஓர் ஏணி. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். கரும்பலகையை விட்டுத் தரையில் வந்து உட்காரச் சொன்னார்களே என்று அன்று முணுமுணுத்த தலைமை ஆசிரியர்களில் நானும் ஒருவன். தன் படியைத் தானே அறிந்த பிள்ளை, “எங்களுக்கு எப்போது பள்ளிக்கூடம் விடும்?” என்று கேட்பதில்லை. அந்த ஏட்டிலேயே அதற்கு விடை இருக்கிறது.

முடியாமல் நின்ற வரியை என்ன செய்வது என்பதில் தந்தைக்கும் மகளுக்கும் வழக்கு ஏற்பட்டது. மறுநாள் கணக்கோடு சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. சேர்க்கவே கூடாது என்பது அவள் கட்சி. “பாக்கியோடு தூங்கப் போகிற பிள்ளை பாக்கியோடுதான் எழுந்திருக்கும்” என்றாள். இறுதியில் சனிக்கிழமைக் காலையைப் பாக்கிக்கென்று ஒதுக்கினோம். சனிக்கிழமையில் மருமகனோடு வயலுக்குப் போவதில் மூத்தவனுக்கு ஆசை அதிகம். அதன் பிறகு வாரத்தில் பாக்கி விழுவது தானே குறைந்தது. என் கண்டிப்பால் ஆகாத காரியம் அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு குறையை மறைத்தால் அது நேர்மையாகாது. இந்த முறை தொடங்கி நான்கு மாதம் கழித்து, மூத்தவனை ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொன்னேன். நான்கு இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் வகுக்கும் எளிய கணக்கு. அவனால் இயலவில்லை. கதை படிக்கிறான், கடிதம் எழுதுகிறான், வாய்க்காலில் தண்ணீர் எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போகிறது என்று படம் வரைகிறான், வகுக்கத் தெரியவில்லை! எனக்குக் கோபம் வந்தது. ஏடுகளை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் மாதத்தில் வகுத்தல் ஏழு நாள் வந்திருந்தது. இரண்டாம் மாதத்தில் இரண்டு நாள். பிறகு இல்லவே இல்லை. என் மகளைப் பார்த்தேன். அவள் தலைகுனிந்தாள். சிறு வயதில் அவளுக்கும் வகுத்தல் பிடிக்காது. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பள்ளியில் ஓர் ஆசிரியருக்குப் பிடிக்காத பாடம் அடுத்த ஆசிரியரிடத்திலாவது பிழைத்துக்கொள்ளும். வீட்டில் அதற்கு அடுத்த ஆசிரியர் இல்லை. தாய்க்குப் பிடிக்காதது ஒவ்வொரு நாளும் நாளைக்கு ஒத்திப்போகும். எவர் கண்ணிலும் படாது. அந்த ஏடு இருந்ததால்தான் நாங்கள் கண்டுபிடித்தோம். அடுத்த ஆறு வாரம் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு நான் தொலைபேசியில் அழைத்தேன். பத்தே நிமிடம், இரண்டே கணக்கு. மஞ்சள் மூட்டைகளை வைத்தே தொடங்கினோம்: இத்தனை கிலோ மஞ்சள், மூட்டைக்கு இத்தனை கிலோ, எத்தனை மூட்டை, மீதி எவ்வளவு? ஆறாவது வாரத்தில், ‘மீதி’ என்பது தவறன்று, விடையின் ஒரு பகுதி என்பது அவனுக்கு விளங்கியது. என் மகளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது தம் புதல்வர்களுக்கு வீட்டிலேயே கல்வி அளித்தார். ஜோகானஸ்பர்க்கில் அலுவலகத்துக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் அவர்களை உடன் அழைத்துச் சென்று, உரையாடல் வழியே பாடம் சொன்னார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மைல் நடை. அப்படிக் கற்பித்தவரே பின்னாளில் தம் வரலாற்றை எழுதும்போது, ஏட்டுக் கல்விக்கென்று நாள்தோறும் ஒரு மணி நேரமாவது தவறாமல் ஒதுக்கியிருந்தால் அவர்களுக்கு நிறைவான கல்வி தந்திருக்கலாம் என்று கருதினார். அவர் நாள் முழுதும் கேட்கவில்லை. ஒரு மணி நேரமே கேட்டார். அதுவும் தவறாத ஒரு மணி நேரம். அப்பெரியாருக்கே கைகூடாத ஒன்று அது. அடுப்பில் உலை கொதிக்க, தொழுவத்தில் மாடு கத்த, அதை ஒரு தாய் நாள்தோறும் செய்துவருகிறாள் என்றால், நாம் அவளிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது தகாது.

பதினொரு மணிக்குப் பிறகு என் மகளிடம் பாடத்தைப் பற்றி எவரும் கேட்கக் கூடாது என்பது அவ்வீட்டில் சட்டம். நானும் கேட்பதில்லை. பிற்பகலில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை ஏட்டில் எழுதுவதுமில்லை. நாலரைக்கு ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும், இம்மூவரும் அவர்களோடு களத்து மேட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த விளையாட்டுக்குத் தடையாக எதுவும் வரக்கூடாது என்று நான் மட்டும் ஒரு விதி சேர்த்தேன்.

மூத்தவனுக்கு இப்போது பதினான்கு வயது ஆகிவிட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் இடைநிலைத் தேர்வு எழுத அந்த வயது போதும். ஐந்து பாடங்களில் தேறவேண்டும். தன் நாள் ஏட்டை அவனே எழுதிக்கொள்கிறான். எப்படித் தேறுவான் என்று எனக்குக் கவலை உண்டு. அந்தக் கவலையை அவனிடம் காட்டுவதில்லை.

வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஏடுகளும் என் பார்வைக்கு வருகின்றன. நேரில் போகாத வாரங்களில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். போன வாரம் பேத்தியின் ஏட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை. பக்கத்தின் அடியில், “இன்று எங்கள் சிவலை மாடு கன்று போட்டது. எல்லோரும் கொட்டகையில் இருந்தோம்” என்று அவள் கையால் எழுதியிருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தப் பக்கத்தைத் திறந்து, சிவப்பு மையினால் “பார்வையிடப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.