பிள்ளைகளுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது?

(தோட்டக் கமிட்டி, மாதர் கமிட்டி அங்கத்தவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் கொழுந்து நிறையையும் பேசுகிற மேடையில் இன்று பிள்ளைகளின் பேச்சைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் சங்கத்தின் விஷயம்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை" என்று லயத்துப் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். ஆனால் பிள்ளை எழுத்துப் படிப்பதற்கு முன்பே காதால் படிக்கிறது. பிள்ளைக் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் பெரியவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அப்படித்தான் அதுவும் பேசும்.

நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் சொந்தமாக இல்லாவிட்டாலும் மாமா, அத்தை, சித்தி, தாத்தா என்று முறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். கடல் தாண்டி வந்த நம் முன்னோர்களால் எல்லாச் சொந்தத்தையும் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. லயத்தில் அடுத்திருந்தவர்களே சொந்தமானார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

அதே பிள்ளை வேறு பேச்சையும் கேட்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், மகன் வயதுள்ள ஒருவர் ஐம்பது வயதுத் தாயைப் பார்த்து, "ஏய், இங்க வா, இதுதான் நீ பறிச்சதா?" என்கிறார். அந்தத் தாய், "சரிங்க ஐயா" என்கிறார். அருகில் நிற்கும் பிள்ளை என்ன படிக்கும்? மரியாதை பதவிக்குத்தான், உழைக்கிறவளுக்கு "நீ" போதும் என்றுதான் படிக்கும்.

இது நேற்று வந்த வழக்கமல்ல. 1889ஆம் ஆண்டுச் சட்டமே நம்மவர்களை "இந்தியக் கூலிகள்" என்றுதான் எழுதியது. ஆளை விலைபேசுவதுபோல் இருந்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அன்றிலிருந்து நாம் கேட்டு வந்தது காசு மட்டுமல்ல, மனிதராக மதிக்கப்படுவதையும்தான்.

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். பல வீடுகளில் பிள்ளை அப்பாவை "வாங்க" என்கிறது, அம்மாவை "வா" என்கிறது. அம்மாவிடம் உள்ள நெருக்கத்தால் "நீ" என்பதில் குற்றமில்லை. ஆனால் அப்பா "அடியே, தண்ணி கொண்டா" என்று அதட்டுவதைக் கேட்டு அதே குரலில் பிள்ளையும் அதட்டினால், அது நெருக்கமல்ல. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது. வீட்டில் பேச்சு இன்னும் சமமாகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழாவில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். ஆனால் லயத்தைக் கூட்டுகிற பெரியவரைச் சில வீட்டுப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. வீட்டில் சாதி பார்த்துப் பேசுவதைக் கேட்டுத்தான் அவை அப்படிச் செய்கின்றன. அவரும் தாத்தாதான்.

அதனால் சில காரியங்களைச் செய்வோம்.

பிள்ளைகளிடம் நாமே மரியாதையாகப் பேசுவோம். யாழ்ப்பாணப் பக்கம் பல வீடுகளில் சின்னப் பிள்ளையையும் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் அழைப்பார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மரியாதை வேறு, பயம் வேறு என்று சொல்லிக்கொடுப்போம். பெரியவர் ஒருவர் தப்பாக நடந்தால், "வேண்டாங்க, நான் அம்மாகிட்ட சொல்லுவேன்" என்று சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். பெரியவர் என்பதற்காக வாய்மூடிப் போகும் பழக்கம் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஆபத்து.

பெரட்டிலும் மலையிலும் தொழிலாளரை "நீங்க" என்றே அழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் பேச வேண்டும். நிறை குறைந்தால் கணக்கைக் காட்டிக் கேட்கட்டும். அதற்கு "ஏய்" தேவையில்லை.

தாயை மற்றவர்கள் மதிப்பதைப் பார்க்கிற பிள்ளை, தானும் தாயை மதிக்கும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள்.