பல் தடத்தோட ஒரு சிப்பாய்

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நானும் ஒரு பச்சை பிளாஸ்டிக் சிப்பாயும்தான்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுல அப்பா வாங்கிக் கொடுத்தது. முழங்கால் போட்டு உக்காந்து துப்பாக்கி நீட்டியிருப்பான். கம்பெனி பேரே கிடையாது. அவனுக்காக நானும் தம்பியும் போடாத சண்டை இல்லை. ஒரு தடவை தம்பி கோவத்துல அவன் தொப்பியைக் கடிச்சு வச்சான், பல் தடம் இன்னும் இருக்கு. அப்பா போன பிறகு போடி வீட்டைக் காலி பண்ணும்போது பீரோவுக்கு அடியில கிடைச்சான். ரெண்டு பேருக்கும் வேணும், ஆள் ஒருத்தன்தான். சரி, இன்னொருத்தனை வார்த்துடலாம்னு முடிவு பண்ணேன்.

போடிமெட்டுல சித்தி வீடு. அங்கதான் வேலை, ஜூலை மாசம். தப்பே அந்த மாசம்தான்.

அச்சுக்கு சிலிகான். பொம்மையைப் பாதி வரை களிமண்ணுல புதைச்சு, மேல சிலிகான் ஊத்தி, இறுகினதும் களிமண்ணை எடுத்துட்டு மறு பாதிக்கு ஊத்தணும். நடுவுல வாசலின் தடவ மறந்தீங்கன்னா ரெண்டு பாதியும் ஒரே கட்டி. அப்புறம் கத்திதான், ஒரிஜினலுக்கு ஆபத்தே அங்கதான். பிளாட்டினம் வகை சிலிகான்னா இன்னொரு தொல்லை: கந்தகம் கலந்த களிமண் பட்டா இறுகாம பொம்மை மேலேயே பிசுபிசுன்னு நிக்கும். நான் வாங்கினது டின் வகை.

முதல்ல ஊத்தினது பாலியூரித்தேன் ரெசின். வீடியோவுல கொஞ்ச நேரத்துலேயே பளிச்னு பொம்மையை வெளிய எடுப்பாங்களே, அதே சமாச்சாரம். எனக்கு வந்தது முழுக்க ஓட்டை. சித்தி பார்த்துட்டு, “என்னப்பா, ஆப்பமா?”ன்னாங்க. பருவமழைக் காலத்துல அங்க சுவரே வேர்க்கும். ஏலச்செடிக்கு அந்த ஈரம்தான் உயிர். ஆனா ரெசின்ல இருக்குற ஐசோசயனேட் அதே ஈரத்தோட சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வரும், உள்ளேயே பொங்கிடும். அடுத்து எபாக்ஸிக்கு மாறினேன். அது அவ்வளவு ஈரத்துக்கு பயப்படாது, ஆனா ஒரு நாள் காத்திருக்கணும். நூல் மாதிரி ஊத்தினா காத்துக்குமிழி குறையும். துப்பாக்கிக் குழல் ரெண்டு தடவை முறிஞ்சுது. மூணாவது தடவை அச்சுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி வச்சேன், நின்னுடுச்சு.

கையுறை இல்லாம தொடாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. எபாக்ஸி ஒரு தடவை அலர்ஜி ஆக்கிடுச்சுன்னா ஆயுசுக்கும் விடாது. வீட்டுல வார்த்தது அலமாரிக்குத்தான், குழந்தை வாய்க்கு இல்லை.

இன்னொண்ணு. எம்.ஆர்.எஃப்.பும் அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோவும் 1987ல சேர்ந்து தொடங்கின ஃபன்ஸ்கூலோட பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இப்போ வெளிநாட்டுக்காரங்க கூடத் தேடி வாங்குறாங்க. இப்படி விலை ஏறின பொம்மைன்னாலே பிரதியை ஒரிஜினல்னு தள்ளிவிட ஆசை வரும். உடைஞ்ச கையை வார்த்து ஒட்டுங்க, தப்பே இல்லை. முழுசா வார்த்து ஒரிஜினல்னு விக்கிறது திருட்டு, எனக்கு அவ்வளவுதான். அதனால என் பிரதியோட அடியில வார்த்த வருஷத்தைக் கீறி வச்சேன்.

சிலிகான் எதையும் விடாது. தம்பியோட பல் தடம் கூட அப்படியே விழுந்திருந்தது.

ஒண்ணைக் கோயம்புத்தூருக்கு கொரியர் பண்ணேன். சாயங்காலம் தம்பி போன்: “அண்ணே, நான் கடிச்சது கூட இருக்கு! செம காப்பிண்ணே.”

“கவுத்துப் பாரு, அடியில வருஷம் இருக்கும்”னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஒண்ணும் இல்லையேண்ணே”ன்னான்.

“ஆமாடா”ன்னேன்.