பூண்டியில் திறந்தால் புதுநகரில் தண்ணீர்

1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய பூண்டி ஏரியில் மதகு திறந்தாச்சு என்று செய்தி வந்தால் போதும், மணலி புதுநகரில் அரிசி மூட்டை பரண் ஏறும். தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவார்கள். உபரிநீர் எண்ணூர்க் கடலுக்குப் போகும் வழியில், இந்த ஊர் ஓரமாகத்தான் ஆறு ஓடுகிறது. 2015, 2021, 2023 மழையில் தெருக்களில் வெள்ளம் புகுந்தது.

இதே ஊரில்தான் அய்யா வைகுண்டரை வழிபடும் தலமான தர்மபதியும் இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பெரும் பிடிமானம் அது. புரட்டாசித் திருவிழாவில் தேர் ஓடும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்று வணங்குவார்கள்.

மணலி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மறுபடியும் வெள்ளம் புகாமலிருக்க, ஆற்றங்கரையைப் பலப்படுத்துவதும் வடிகாலைத் தூர்வாருவதும் ஐப்பசி பிறக்கும் முன்பே முடிந்தாக வேண்டும்.