வேலில் கட்டிய வேம்பு: மாணவர் இதழ்களில் சிறப்புக் கட்டுரை



மாணவர் இதழ்களுக்குச் சிறப்புக் கட்டுரை எழுதுவது பற்றிப் பேசுவோர் பலரும் கவர்ச்சியான தொடக்கம், நிறைவான முடிவு என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். பிறர் வாழ்வை எழுதுகையில் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்னும் வினாவே அதனினும் கடியது. அவ்வினா அமெரிக்காவில் ஒரு பள்ளி இதழிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் இதழியல் வகுப்பு மாணவர்கள் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் இதழை நடத்தி வந்தனர். 1983 மே 13ஆம் நாள் வெளிவர வேண்டிய இதழின் மெய்ப்பு, மே 10 அன்று தலைமையாசிரியர் ராபர்ட் ரெனால்ட்சின் பார்வைக்கு வந்தது. இரு கட்டுரைகள் அவரை உறுத்தின. ஒன்று, பள்ளிப் பருவத்திலேயே கருவுற்ற மூன்று மாணவியரின் அனுபவம். மற்றொன்று, பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளை வாட்டும் விதம்.

கருவுற்ற மாணவியரின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. ஆயினும் அப்பள்ளியில் அந்நிலையில் இருந்தோர் சிலரே. குறிப்புகளைக் கொண்டே இன்னார் என அறிந்துவிடலாம் என அவர் அஞ்சினார். (பாலுறவு, கருத்தடை பற்றிய பேச்சு இளைய மாணவர்க்கு ஆகாது என்பதும் அவர் எண்ணம். அது வேறு வழக்கு.) மணமுறிவுக் கட்டுரையிலோ ஒரு மாணவி தன் பெயரோடேயே தந்தையைக் குறை கூறியிருந்தாள். தந்தையிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. அவள் பெயரை இதழின் பொறுப்பாசிரியர் பின்னர் நீக்கிவிட்ட செய்தி தலைமையாசிரியர்க்குத் தெரியாது.

கல்வியாண்டு முடிவதற்குள் திருத்த நேரமில்லை எனக் கருதி, அவர் இரு பக்கங்களையும் முழுமையாக நீக்கச் செய்தார். அவர் குறை காணாத வேறு கட்டுரைகளும் உடன் போயின. மாணவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர். 1988 சனவரி 13 அன்று ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில் பள்ளி வென்றது. கட்டுரையில் பேசப்பட்ட காதலர்க்கும் பெற்றோர்க்கும் இசைவு தரவோ மறுமொழி சொல்லவோ வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டியது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரென்னன், பெயரை மட்டும் நீக்கியிருக்கலாம், வெளியீட்டைச் சற்றுத் தள்ளியிருக்கலாம் என்றார். தலைமையாசிரியரின் அச்சம் நியாயமானது. அவர் கைக்கொண்ட மருந்துதான் கொடியது.

பாவலர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் இல்லை. ஆனால் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. அந்த அடையாளப் பூவினால் தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிடுவதால் அப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். பெயர் மறைந்திருந்தும் ஒரு வேம்பு ஆளைக் காட்டிவிட்டது!

சிறப்புக் கட்டுரையை வாழவைப்பதும் அத்தகைய வேம்புதான். அவள் அமரும் பேருந்து இருக்கை, அன்னை பணிபுரியும் கடை, மருத்துவமனையில் காத்திருந்த மாலைப்பொழுது ஆகியவை இல்லையேல் கட்டுரை வெறும் புள்ளிவிவரம். நாளிதழ் வாசகர்க்கு அவள் யாரோ ஒருத்தி. பள்ளி இதழின் வாசகனோ அவளுக்கு அடுத்த இருக்கையில் அமர்பவன். கடை ஒன்றே அவனுக்குப் போதும். ஆதலால் மாணவ எழுத்தாளன் எல்லாக் குறிப்புகளையும் சேர்த்தே முதற்படியை எழுதட்டும். பின்னர் அவளுடைய வகுப்புத் தோழனின் கண்கொண்டு படிக்கட்டும். ஆளைக் காட்டும் குறிப்பு எதுவோ அதை அவளிடமே காட்டி, வைக்கவா எடுக்கவா என்று கேட்கட்டும். குறை கூறப்பட்ட தந்தையிடமும் ஒரு முறை போகட்டும். அவர் கதவைச் சாத்தினால், சாத்தினார் என்று எழுதலாம்.