சிறு சட்டங்களின் பெரு வடிவம்



பெரிய மரச்சிற்பத்துக்குப் பெருமரமே வேண்டுமென நாம் எண்ணுகின்றோம். அமெரிக்கச் சிற்பி ஊர்சுலா வொன் றிடிங்ஸ்வார்ட் அம்மையார் எடுத்ததோ நாலங்குலச் சதுரமான சீடர் மரச்சட்டங்களையே.

1942இல் ஜேர்மனியிற் பிறந்த அவர், போருக்குப்பின் அகதி முகாம்களின் மரக்கொட்டில்களில் வளர்ந்து, 1950இல் அமெரிக்கா சேர்ந்தார். அன்று தம்மைச் சூழ்ந்திருந்த மரத்தையே பின்னர்க் கலையாக்கினார்.

சட்டந்தோறும் பென்சிலாற் கோடிட்டு, வட்டவாளால் அறுத்து, அடுக்கடுக்காக ஒட்டி, காரீயத்தூள் தேய்ப்பது அவர் முறை. உதவியாளர் பலர் உடனுழைத்தனர். மரத்தூள் உடலுக்கு ஒவ்வாதபோதும் முகக்கவசம் அணிந்து தொழிலைத் தொடர்ந்தார். புரூக்லினில் 2013இல் நிறுவப்பட்ட, ஏறத்தாழ 19 அடி உயரமான ‘ஓனா’ என்னும் வெண்கல உருவமும் முதலிற் சீடர் மரத்திற் செதுக்கப்பட்டதே.

நம் கையிலுள்ளது சிறு சட்டந்தானே என்று நாம் சோர்வதேன்? ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குவோம்.