தோட்டைத் திருப்பாதீர்கள்



அரியாலையில் ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தினால், அன்றைக்கு அந்த வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கும். அம்மம்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு வருவார். பெரியம்மா டெற்றோல் போத்தலைத் தேடுவார். பக்கத்து வளவு மாமி படலையடியில் நின்றபடியே, "ஒவ்வொரு நாளும் தோட்டைத் திருப்பிவிடு பிள்ளை, இல்லாட்டி ஒட்டிப்போடும்" என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லாம் அன்பில் சொல்கிறதுதான். ஆனாலும் என் கணிப்பில், குத்திய காது கவனிப்பார் இல்லாமல் கெட்டதைவிட, கவனிப்புக் கூடிக் கெட்டதுதான் அதிகம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

காது குத்தும்போது ஊசி போன வழியில் பச்சைப் புண்ணாக ஒரு சிறு பாதை உண்டாகிறது. முன்பக்கத் தோலும் பின்பக்கத் தோலும் தோட்டுக் கம்பியைச் சுற்றி உள்ளுக்குள் மெல்ல மெல்ல வளர்ந்து, நடுவில் ஒன்றையொன்று தொடவேண்டும். அப்போதுதான் துளை ஆறியது என்று அர்த்தம். காதுச் சோணையில் இதற்கு 6 முதல் 8 கிழமை செல்லும். வெளிப்பக்கம் இரண்டு கிழமையிலேயே ஆறினதுபோலத் தெரியும். "எல்லாம் சுகம்" என்று தோட்டைக் கழற்றி மாற்றுகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். உள்ளே தோல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

இந்த நேரத்தில் தோட்டைத் திருப்பினால், கம்பியில் காய்ந்து கிடக்கிற பொருக்குத் துளைக்குள் இழுபட்டுப் போகும். அன்றைக்கு முளைத்த மெல்லிய தோல் கிழிபடும். விரலில் இருந்த அழுக்கும் கூடவே உள்ளே போகும். பழைய நாளில் எல்லாரும் திருப்பத்தான் சொன்னார்கள். தோல் வைத்தியர்களிலும் சிலர் இன்றுவரை அப்படிச் சொல்வதுண்டு. திருப்பவே வேண்டாம் என்கிற கட்சி இப்போது வளர்ந்து வருகிறது. நான் அந்தக் கட்சி. துளை ஒட்டிப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. கம்பி உள்ளே இருக்கும்வரை துளை எங்கே மூடப்போகிறது?

சென்ற சோளகக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. இடது சோணை வீங்கி, பளபளவென்று சிவந்திருந்தது. "நாங்கள் ஒரு குறையும் விடேல்லையே" என்று தாய் சொன்னார். உண்மைதான், ஒரு குறையும் விடவில்லை. காலையில் மஞ்சள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்பிரிட், படுக்கப்போகும்போது எண்ணெய், இடையிலே ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு திருப்பு. காதைப் பின்பக்கமாக மடித்துப் பார்த்தேன். தோட்டின் சுரை சோணையோடு அப்படியே அழுந்திக் கிடந்தது. அதைச் சுற்றித் தோல் வரம்பு கட்டினாற்போல் எழும்பியிருந்தது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் சுரை உள்ளே புதைந்திருக்கும். அப்படிப் புதைந்த சுரையை வைத்தியசாலையில் விறைப்பூசி போட்டு, வெட்டித்தான் எடுப்பார்கள்.

தாயைக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, சுரையை ஓர் அரிசி அளவு பின்னுக்கு இழுத்துவிட்டோம். மஞ்சள், ஸ்பிரிட், எண்ணெய் மூன்றையும் நிற்பாட்டச் சொன்னேன். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனபடியால் உப்புத்தண்ணீர் மட்டும் போதும் என்றேன். தாய்க்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. "வேற ஒண்டும் பூசுறேல்லையோ?" என்று படலைவரைக்கும் கேட்டுக்கொண்டே போனார். நாலைந்து நாளில் வீக்கம் வற்றிவிட்டது.

அந்த உப்புத்தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாமசியில் விற்கிற சேலைனில் உப்பு 0.9 வீதம். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. வீட்டில் செய்வதானால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர். அதில் உப்புக் கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். கூட உப்புப் போட்டால் கூடக் கிருமி சாகும் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள், தோல் காய்ந்து வெடிக்கும். அரியாலைக் கிணறுகள் வளவுக்கு வளவு வேறு குணம். கடனீரேரிப் பக்கம் போகப் போக உவர் கூடும். உங்கள் கிணறு எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைக்காமல் காதுக்கு எடுக்கவேண்டாம்.

சுத்தமான கோஸ் துணியை அதில் நனைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு நிமிடம் வைத்திருங்கள். பொருக்கு இளகும். இளகித் தானாக வருவதை மெல்ல ஒற்றி எடுங்கள், நகத்தால் நோண்டாதீர்கள். பிறகு உலர்ந்த கோஸால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் நூல் தோட்டிலே சிக்கும். கொடியில் கிடக்கிற துவாயும் வேண்டாம், அது முழு வீடும் முகம் துடைக்கிற துவாய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நாளுக்கு இரண்டு தரம் போதும். மற்ற நேரத்தில் காதை அது பாட்டுக்கு விடுங்கள்.

மஞ்சளுக்குக் குணம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அம்மியில் அரைத்த மஞ்சள் கிருமி நீக்கிய மஞ்சள் இல்லை. அது எண்ணெயோடு சேர்ந்து துளை வாயை அடைத்துக்கொண்டால், உள்ளே ஊறுகிற நீருக்கு வெளியே வர வழி இருக்காது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் கிருமியைக் கொல்லும். புதிதாக வருகிற தோலையும் சேர்த்துக் கொல்லும். தண்ணீர் கலக்காத டெற்றோலும் அந்த வகைதான்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்கிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, சூத்திரத்தானத்தில் 16ஆவது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் பிள்ளையை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டு, சோணையை வெயிலிலே பிடித்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற இடம் பார்த்துக் குத்தச் சொல்கிறது. இரத்தம் அதிகம் வந்தாலோ, அதிகம் நொந்தாலோ இடம் பிழைத்துவிட்டதாம். குத்தியபின் எண்ணெய் தோய்த்த நூல் திரியைப் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் கொஞ்சம் தடித்த திரியாக மாற்றவேண்டும். திரியை மாற்றியே ஆகவேண்டிய அந்தக் காலத்திலும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தொட்டிருக்கிறார்கள். 

எங்கள் பக்கத்தில் பத்தர் வீட்டுக்கு வந்து, மாமன் மடியில் பிள்ளையை இருத்தி, மெல்லிய பவுண் கம்பியாலேயே குத்தி, அந்தக் கம்பியையே வளையமாக வளைத்துவிட்டுப் போவார். இப்போது யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு புத்தி இருந்தது. வழுவழுப்பான கம்பி, வீங்கினாலும் இடம் கொடுக்கிற வளையம், பின்னால் நெரிக்கிற சுரை இல்லை. குறை என்னவென்றால் கம்பியும் கையும் எவ்வளவு சுத்தம் என்பது பத்தருக்குத்தான் வெளிச்சம். துளை தூராமல் வேப்பம் ஈர்க்குச் செருகுகிற வழக்கமும் இருந்தது. அதை இப்போது செய்யாதீர்கள், ஈர்க்கின் நார் புண்ணுக்குள் தங்கும்.

இந்தக் காலத்தில் முதல் தோட்டுக்குப் பவுண் போடுவதானால் 22 கரட் நல்லது. நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு தங்கம், மிச்சம் வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். வசதி இல்லாவிட்டால் தைத்தேனியம், அல்லது அறுவைச் சிகிச்சைத் தரத்து எஃகு. கவறிங் தோட்டை ஆறாத துளையில் போடவே வேண்டாம். பூச்சுக்குக் கீழே நிக்கல் இருந்தால், அது புண்ணின் ஈரத்தில் கரைந்து உடம்புக்குள் போய், ஒவ்வாமை தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க விடாது. பிறகு மணிக்கூட்டுப் பட்டியும் கடிக்கும், காற்சட்டைப் பொத்தானும் கடிக்கும். ஐரோப்பிய நாடுகள் குத்திய துளைக்குள் போகிற நகையில் எவ்வளவு நிக்கல் கசியலாம் என்று சட்டமே போட்டு வைத்திருக்கின்றன. வெள்ளைத் தங்கம் என்று விற்பதிலும் நிக்கல் இருக்கக்கூடும். கஸ்தூரியார் வீதியிலோ கன்னாதிட்டியிலோ வாங்கும்போது வாய் திறந்து கேளுங்கள். கேட்கிறதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கேட்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊசி புதிதா, உறை உங்கள் கண்முன்னாலே பிரிக்கப்படுகிறதா? துவக்கு மாதிரி அமத்திக் குத்துகிற கருவி சோணைக்கு என்று செய்தது. அதைக் கொண்டு மேல் காதில், குருத்தெலும்பில் குத்த விடாதீர்கள். இளம் பிள்ளைகள் இப்போது விரும்புகிறது அந்த இடத்தைத்தான். குருத்தெலும்புக்குத் தனக்கென்று இரத்த ஓட்டம் இல்லை, மேலே போர்த்திருக்கிற சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அதனால் ஆற நாலு மாதமும் செல்லலாம், ஒரு வருடமும் செல்லலாம். கிருமி பிடித்தால் மருந்து போய்ச் சேர்வதும் வில்லங்கம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரே நகைக்கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்குச் சூடோமோனாஸ் என்ற கிருமி பிடித்தது உறுதியானது. சந்தேகத்துக்குரியவர்கள் அதைவிட அதிகம். விசாரித்துப் போனால், கிருமி இருந்த இடம் கிருமிநாசினி தெளிக்கிற போத்தலே! சிலருடைய காது சுருங்கி உருக்குலைந்து போனது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அந்த விபரம் வெளிவந்தது.

கைக்குழந்தைகளுக்கு ஒரு சொல். 31ஆம் நாள் கழிந்ததும் குத்திவிட வேண்டும் என்று அவசரப்படுகிற வீடுகள் இருக்கின்றன. எங்கள் நாட்டில் ஏற்பு நோய்க்கு எதிரான மருந்து அடங்கிய ஐங்கூட்டுத் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் போடப்படுகிறது. அதிலே செங்கண்மாரி பி வகைக்கும் காப்பு உண்டு. முதல் ஊசிகள் போட்டு முடியும்வரை பொறுத்தால் பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லை. கிளினிக் அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். இருதயத்தில் குறையோடு பிறந்த பிள்ளை என்றால் டொக்டரைக் கேட்காமல் குத்தவே வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்துக் கட்டிபோல வளர்கிற உடம்பு இருந்தாலும் முதலில் கேளுங்கள்.

இனி எங்கள் அன்றாடத்துக்கு வருவோம். சனி முழுக்கு என்று நல்லெண்ணெய் வைத்தால் அது தலையில் நிற்காது, காதுக்குத்தான் இறங்கும். அந்த ஆறு, எட்டுக் கிழமைக்கும் எண்ணெயை உச்சியோடு நிறுத்துங்கள். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு ஹெல்மெற்றின் விளிம்பு பெரிய எதிரி. மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் விரித்துப் பிடியுங்கள். உள்துணி வியர்வை ஊறியது, அதைத் தோய்த்துப் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் பின்னும்போது சீப்பின் பல் தோட்டிலே கொளுவும், தாய்மார் கவனம். போனை மற்றக் காதில் வைத்துக் கதையுங்கள். இரண்டு காதிலும் குத்தியிருந்தால் கொஞ்சம் குறைவாகக் கதையுங்கள், செலவும் மிச்சம். கீரிமலைக் கேணி, கசூரினாக் கடற்கரை இரண்டும் துளை ஆறிய பிறகு.

துளை வாயில் தெளிந்த நீரோ, இளமஞ்சள் நீரோ ஊறிக் காய்ந்து பொருக்காவது இயல்பு. முதல் சில நாள் கொஞ்சம் சிவப்பும் நோவும் இருக்கும். ஆனால் சிவப்புப் பரவிக்கொண்டு போனால், காது சுட்டால், தடித்த மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் நாற்றத்தோடு வந்தால், காய்ச்சல் வந்தால், வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுப் போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்திலுள்ள டொக்டரிடமோ போங்கள். மேல் காது வீங்கிச் சிவந்தால் அன்றைக்கே போகவேண்டும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். போகுமுன் தோட்டை நீங்களாகக் கழற்றவேண்டாம். கழற்றினால் துளையின் வாய் மூடி, சீழ் உள்ளே தங்கிவிடும். கழற்றுவதா விடுவதா என்பதை டொக்டர் சொல்வார்.

கடைசியாக நல்லூர்த் திருவிழா. தேருக்குப் பட்டுப்பாவாடையும் சிமிக்கியும் போடவேண்டும் என்று கொடியேறிய பிறகு காது குத்த ஓடுகிறார்கள். திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள். கொடியேற்றத்தன்று குத்தினாலும் மூன்றரைக் கிழமைகூடக் கிடைக்காது. அந்தப் பச்சைத் துளையில் பாரமான சிமிக்கியைத் தொங்கவிட்டுச் சனத்துக்குள் இடிபட்டால் சோணை கீழ்நோக்கிக் கிழியும். ஆனி மாதத்திலேயே குத்துங்கள், தேருக்குக் கணக்குச் சரியாக வரும். அப்போதும் கோயிலால் வந்தவுடன் சிமிக்கியைக் கழற்றி, கழுவித் துடைத்த சின்னத் தோட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். முதல் வருடத்தில் துளை வெறுமனே கிடந்தால் சில நாளிலேயே, சிலருக்குச் சில மணித்தியாலத்திலேயே, தூர்ந்துபோகும். பிறகு திரும்பவும் ஊசிதான்.